படமே இல்லாத படத்துக்காக ஒரு ரிக்வெஸ்ட்

வெப் டெவலப்மென்ட் வேலையில் கொஞ்ச காலம் இருந்தவர்களிடம் காலி எஸ்ஆர்சி (படத்தின் முகவரியை எழுதும் src என்ற இடம் வெற்றாக இருப்பது) பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "அது பிரவுசர் மேல தப்பு இல்ல. ரூல் என்ன சொல்லுதோ அதைத்தான் அது செஞ்சுது. காலியா விட்டவன் மேலதான் தப்பு." பக்கத்தில் படம் போடச் சொல்லும் குறியான இமேஜ் டேக்கில் எஸ்ஆர்சி என்று எழுதி, சமக்குறி போட்டு, இரண்டு மேற்கோள் குறிகளுக்கு நடுவில் ஒன்றுமே எழுதாமல் விட்டால், ஒரு காலத்தில் பல பிரவுசர்கள் அந்தப் பக்கத்தையே இன்னொரு முறை சர்வரிடம் கேட்டு வாங்கும். படம் என்று நினைத்துக்கொண்டு. வந்தது படமல்ல, பக்கத்தை எழுதும் மொழியான எச்டிஎம்எல் என்று தெரிந்ததும் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். பயனருக்கு ஒன்றும் தெரியாது. சர்வர் மட்டும் ஒரே ஆளுக்கு இரண்டு முறை சமைத்துப் பரிமாறியிருக்கும்.

"ரூல்படிதான் செஞ்சுது" என்ற அந்தப் பதில் எனக்கு நெடுநாளாக ஒட்டவில்லை. முதலில் அது வெறும் எரிச்சல்தான். அப்புறம் ஒருநாள் அந்த ரூலையே உட்கார்ந்து படித்தேன். அதில் இருந்தது எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தது இல்லை.

எரிச்சல் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2010 வாக்கில், பயனர்கள் தங்கள் விவரங்களைத் திருத்திச் சேமிக்கும் ஒரு அப்ளிகேஷன் எங்கள் கைக்கு வந்தது. யாரோ எழுதி, யாரோ பராமரித்து, மூன்றாவதாக எங்களிடம் வந்த சரக்கு. வந்த கையோடு ஒரு புகாரும் வந்தது. சிலர் ஃபார்மை நிரப்பிச் சேமிக்கும் பொத்தானை அழுத்தினால் "இந்தப் படிவம் காலாவதியாகிவிட்டது, மீண்டும் முயலவும்" என்று வருகிறது. மீண்டும் முயன்றாலும் அதேதான். எல்லோருக்கும் வந்தால் அரை மணி நேரத்தில் பிடித்திருக்கலாம். சிலருக்கு மட்டும், அதுவும் அவர்களுக்கு எப்போதும் வந்தது. எங்களில் யாருக்கும் ஒரு முறைகூட வரவில்லை. டெஸ்டிங் செய்தவர் வழக்கமான அந்த வாக்கியத்தைச் சொன்னார்: "சார், எனக்கு எல்லாம் ஓகேதான் சார்."

அந்த ஃபார்முக்குள் ஒரு டோக்கன், அதாவது ஒரு ரகசியக் குறியீடு, இருந்தது. வெளித் தளம் ஒன்று பயனரின் பெயரில் திருட்டுத்தனமாக ஃபார்ம் அனுப்பாமல் இருக்கச் செய்யும் வழக்கமான ஏற்பாடு. பக்கம் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சர்வர் ஒரு புது டோக்கனை உருவாக்கும், செஷனில், அதாவது அந்தப் பயனருக்கென்று தான் வைத்திருக்கும் குறிப்பில், எழுதிவைக்கும், அதையே ஃபார்முக்குள்ளும் மறைத்து வைக்கும். சேமிக்கும்போது இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால்தான் "காலாவதி". ஆக, யாரோ நடுவில் செஷனில் இருக்கும் டோக்கனை மாற்றுகிறார்கள். பயனரே இன்னொரு டேபில் அதே பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறாரோ என்று கேட்டுப் பார்த்தோம். இல்லை என்றார்கள். செஷன் எங்காவது தொலைகிறதா என்று பார்த்தோம். அதுவும் இல்லை.

## லாகில் இருந்த இரண்டு வரிகள்

விஷயம் பிடிபட்டது, வந்த ரிக்வெஸ்ட் ஒவ்வொன்றையும் ஒரு வரியாகக் குறித்துவைக்கும் சர்வர் லாகில். புகார் கொடுத்த ஒருவரின் நேரத்தை வைத்துத் தேடியபோது, அவர் ஃபார்மைத் திறந்ததற்கு ஒரு வரிக்குப் பதில் இரண்டு வரிகள் இருந்தன. அதே முகவரி, அதே நொடி, இரண்டுக்குமே 200, அதாவது 'சரி', என்ற பதில். பயனர் அவசரத்தில் இரண்டு முறை கிளிக் செய்திருப்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கவனம் போனது ரெஃபரர் பகுதிக்கு. முதல் வரியில் அவர் எந்தப் பக்கத்திலிருந்து இங்கே வந்தாரோ அந்தப் பக்கத்தின் முகவரி இருந்தது. இரண்டாவது வரியில் இருந்ததோ இந்த ஃபார்ம் பக்கத்தின் முகவரியேதான். அதாவது, இந்தப் பக்கத்தைக் கேட்டது இந்தப் பக்கமே. ஒரு பக்கத்தின் முகவரியை ரெஃபரராகச் சுமந்துகொண்டு அதே நொடியில் வருவது பொதுவாக அதற்குள் இருக்கும் பொருட்கள்தான்: படம், ஸ்டைல்ஷீட், ஸ்கிரிப்ட். ஆள் இரண்டு முறை கிளிக் செய்திருந்தால் இரண்டு வரியிலும் முந்தைய பக்கம்தான் இருந்திருக்கும்.

அதற்கு மேல் தேட வேண்டியதே இல்லை. அந்த ஆளின் கணக்கில் நுழைந்து வந்த எச்டிஎம்எல்லைப் பார்த்தால், மேலே அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு இமேஜ் டேக். பழைய டெம்ப்ளேட், டேட்டாபேஸில் புகைப்படத்தின் முகவரி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமலே டேக்கை அச்சிட்டிருந்தது. புகைப்படம் ஏற்றாதவர்களுக்கு மேற்கோள் குறிகள் மட்டும், நடுவில் வெற்றிடம். பிரவுசர் அந்தப் படத்தைக் கேட்கிறேன் என்று இதே பக்கத்தைக் கேட்டது. இது யார் என்று சர்வருக்குச் சொல்லும் குக்கியும் கூடவே போனது. சர்வருக்கு அது படத்துக்கான ரிக்வெஸ்ட் என்று எப்படித் தெரியும்? வழக்கம்போல புது டோக்கனை உருவாக்கிச் செஷனில் பழையதன் மேல் எழுதிவிட்டது. புது டோக்கன் இருந்த எச்டிஎம்எல் குப்பைக்குப் போனது. பயனரின் திரையில் பழைய டோக்கன்.

எங்களுக்கு ஏன் வரவில்லை என்பதும் அப்போது விளங்கியது. எங்கள் டெஸ்ட் கணக்குகள் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு படம் ஏற்றப்பட்டிருந்தது. படம் இல்லாத கணக்கு இருந்திருந்தாலும் எல்லா பிரவுசரிலும் இது வந்திருக்காது. சஃபாரியும் குரோமும் இதே பக்கத்தைத்தான் திரும்பக் கேட்டன. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பக்கத்தைக் கேட்காமல், அந்தப் பக்கம் இருக்கும் டைரக்டரியைக் கேட்டது. முகவரியில் கடைசிச் சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டு மிச்சத்தைக் கேட்பது. எங்கள் விஷயத்தில் அங்கே டோக்கன் சமாசாரம் எதுவும் இல்லாததால் எக்ஸ்ப்ளோரர்காரர்கள் தப்பித்தார்கள். ஃபயர்பாக்ஸ் 3 வரை குரோம் மாதிரி, 3.5 முதல் ரிக்வெஸ்ட்டே போகாது. ஓப்பரா ஒன்றுமே கேட்காமல் சும்மா இருந்தது. ஒரே எச்டிஎம்எல்லுக்கு நான்கு விதமான புத்தி.

இந்தப் பட்டியல் என் கண்டுபிடிப்பு இல்லை. அப்போது யாகூவில் இருந்த நிக்கோலஸ் ஸாகஸ் 2009 நவம்பரில் இதை பிரவுசர் வாரியாக எழுதியிருந்தார். அவருடைய கவலை பெரிய தளங்களைப் பற்றியது. கோடிக்கணக்கில் பக்கங்கள் பரிமாறும் இடத்தில் முகப்புப் பக்கத்தில் ஒரே ஒரு காலி எஸ்ஆர்சி இருந்தால் போதும், சர்வர் சுமை இரட்டிப்பாகிவிடும். பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கும் கெட்டுப்போகும். யாகூவின் வேக வழிகாட்டி விதிகளிலும் "காலி எஸ்ஆர்சியைத் தவிர்" என்று ஒரு விதி சேர்ந்தது. எங்களுக்குச் சுமை ஒரு பொருட்டே இல்லை. சர்வரில் இருக்கும் ஒரு நிலையை, பயனருக்குத் தெரியாமல், அவர் பெயரிலேயே இன்னொருவர் மாற்றிவிட்டுப் போவதுதான் எங்கள் பிரச்சினை.

டெம்ப்ளேட்டில் ஒரு நிபந்தனை சேர்த்ததும் புகார் நின்றது. எனக்குத்தான் நிற்கவில்லை.

## ரூலில் உண்மையில் என்ன இருக்கிறது

"ரூல்படிதான் செய்தது" என்று சொல்பவர்கள் காட்டுவது ஆர்எஃப்சி 3986 என்ற இணைய விதி ஆவணத்தை. டிம் பெர்னர்ஸ்-லீ, ராய் ஃபீல்டிங், லாரி மசின்டர் மூவரும் எழுதி 2005 ஜனவரியில் வந்தது. இணைய முகவரி எப்படி எழுதப்பட வேண்டும், அரைகுறையாக எழுதப்பட்ட முகவரியை எப்படி முழுதாக்க வேண்டும் என்பதற்கெல்லாம் அதுதான் அடிப்படை. அதன் ஐந்தாம் பிரிவில் முழுதாக்கும் வழிமுறை இருக்கிறது. உதாரணப் பட்டியலும் இருக்கிறது. அந்தப் பட்டியலில் காலி முகவரிக்கும் ஓர் இடம் உண்டு: விடை, அடிப்படை முகவரி அப்படியே, கேள்விக்குறிக்குப் பின்னால் வருவது உட்பட. அடிப்படை முகவரி என்பது சாதாரணமாக நாம் இருக்கும் பக்கத்தின் முகவரி. ஆக, காலி என்றால் இந்தப் பக்கம். குரோமும் சஃபாரியும் அச்சுப் பிசகாமல் அதைத்தான் செய்தன. டைரக்டரியைக் கேட்ட எக்ஸ்ப்ளோரர்தான் பிசகியது. இதுவரைக்கும் எல்லோரும் சொல்வது சரி.

ஆனால் அதே ஆவணத்தில் நான்காம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அதன் நான்காம் உட்பிரிவு, தன்னையே சுட்டும் முகவரிகளைப் பற்றியது. முழுதாக்கிய பிறகு, சதுரக்குறிக்கு (#) பின்னால் வருவதைத் தவிர்த்துப் பார்த்தால் அடிப்படை முகவரியாகவே இருக்கும் எதுவும் இந்த வகைதான். காலி முகவரி இதில் கண்டிப்பாகச் சேரும். அப்படிப்பட்ட முகவரியைப் பின்தொடர்ந்தால், அது சுட்டுவது ஏற்கெனவே கையில் இருக்கும் அதே ஆவணத்துக்குள்தான் இருக்கிறது, ஆகவே அதற்காகப் புதிதாக எதையும் எடுத்து வரப் போகக் கூடாது என்று அங்கே எழுதியிருக்கிறது. இது 2005-இல் திடீரென்று முளைத்த யோசனையும் இல்லை. 1998-இல் வந்த முந்தைய ஆவணமான ஆர்எஃப்சி 2396-உம் இதையேதான் சொல்கிறது. கூடவே ஒரு விதிவிலக்கையும் சொல்கிறது: எச்டிஎம்எல் ஃபார்ம் மாதிரி, எப்போதுமே புது ரிக்வெஸ்ட்டில் முடியும் இடங்களில் மட்டும் காலி முகவரியை அடிப்படை முகவரியாக மாற்றிக் கேட்கலாம் என்று.

இதைப் படித்தபோது எனக்கு வந்த திருப்தியை மறைக்க மாட்டேன். முகவரியை முழுதாக்குவது ஒரு வேலை. முழுதான முகவரிக்குப் போய்க் கதவைத் தட்டுவது இன்னொரு வேலை. ஐந்தாம் பிரிவு முதல் வேலையைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. பிரவுசர்கள் முதல் வேலையை விதிப்படி செய்துவிட்டு, இரண்டாவது வேலையில் விதியைத் திறந்தே பார்க்கவில்லை. நான்காம் பிரிவுப்படி யோசித்தால் விடை எளிது. இந்த டேக் கேட்கும் படம் எது? இந்த ஆவணமேதான். இந்த ஆவணம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அது எச்டிஎம்எல், படம் இல்லை. ஆக, படம் கிடைக்கவில்லை. இதைத் தெரிந்துகொள்ள சர்வர் வரை நடக்கத் தேவையில்லை. ஒன்றுமே செய்யாமல் சும்மா இருந்த ஓப்பராதான் விதியை ஒட்டி நடந்தது. தற்செயலாகவோ தெரிந்தோ, அது எனக்குத் தேவையில்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஒரே முகவரி, கேட்பவருக்கு ஏற்ப வேறு வேறு பதில் தரலாம். பக்கமாகத் திறந்தால் எச்டிஎம்எல், இமேஜ் டேக்கிலிருந்து கேட்டால் படம், எந்த வகைப் பதில் வேண்டும் என்று பிரவுசர் சொல்லும் அக்செப்ட் ஹெடரைப் பார்த்துச் சர்வர் முடிவு செய்யலாம். அப்படியென்றால் கையில் இருக்கும் எச்டிஎம்எல்லை வைத்துப் படம் இல்லை என்று சொல்வது அவசரம். பக்கத்தின் அடிப்படை முகவரியை மாற்றி வைக்கும் பேஸ் டேக் வேறு இருக்கிறது. அதில் ஒரு படத்தின் முகவரியைப் போட்டுவிட்டு எஸ்ஆர்சியைக் காலியாக விட்டால் அந்தப் படம்தான் வர வேண்டும் என்று ஒருவர் வழக்காடலாம். ஏட்டளவில் இரண்டுமே சரிதான். ஆனால் வேண்டுமென்றே இப்படிப் பக்கம் கட்டுபவரை நான் இதுவரை பார்த்ததில்லை. படம் இல்லாமல் போன டெம்ப்ளேட்டைத் தினமும் பார்க்கிறேன்.

கடைசியில் எச்டிஎம்எல் விதியே இந்தப் பஞ்சாயத்தை முடித்துவைத்தது. இப்போது அதன்படி காலி எஸ்ஆர்சியை முழுதாக்கும் பேச்சே கிடையாது. படம் உடைந்ததாகக் குறிக்கப்படும், எரர் நிகழ்வு ஒன்று எழும், நெட்வொர்க்கில் எதுவும் போகாது. பேஸ் டேக்கில் என்ன இருந்தாலும் இதுதான்.

## ஒரே வெற்றிடம், ஆளுக்கொரு அர்த்தம்

படத்துக்கு இப்படி முடித்தார்களே, மற்ற டேக்குகளில் என்ன செய்தார்கள் என்று பார்க்கப் போனால் வேடிக்கையாக இருக்கிறது. இணைப்பு டேக்கில் முகவரி காலியாக இருந்தால் அது நியாயமான இணைப்பு. அழுத்தினால் இதே பக்கம் மறுபடி திறக்கும். ஃபார்மில் ஆக்‌ஷன் காலியாக இருந்தால் இதே பக்கத்துக்கே அனுப்பும். விதிப்படி அப்படி எழுதக் கூடாது, எழுதினாலும் பிரவுசர் ஏற்றுக்கொள்ளும். அதிலும் ஒரு நுணுக்கம்: ஃபார்ம் பேஸ் டேக்கைக் கண்டுகொள்ளாது, பக்கத்தின் சொந்த முகவரிக்குத்தான் போகும். பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் ஐஃப்ரேமில் காலி என்றால் வெற்றுப் பக்கம். ஸ்கிரிப்டில் எரர். வீடியோவில் "இது எனக்கு இயக்கத் தெரியாத வகை" என்கிற மாதிரியான எரர்.

பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் தனிக் கதை. அங்கே அரைகுறை முகவரிகள் ஸ்டைல்ஷீட்டின் முகவரியை வைத்துத்தான் முழுதாகும், பக்கத்தின் முகவரியை வைத்து இல்லை. ஆக, பின்னணிப் படத்துக்குக் காலி முகவரி கொடுத்தால் ஸ்டைல்ஷீட்டையே மறுபடி கேட்கும் ஆபத்து. சிஎஸ்எஸ் விதி எழுதியவர்கள் இதை நேராகவே சொல்லித் தடுத்திருக்கிறார்கள்: காலி என்றால் அது செல்லாத முகவரி, எழுதும்போது நேர்ந்த கைப்பிசகுக்காகத் தேவையில்லாத போக்குவரத்து வேண்டாம் என்று காரணத்தையும் சேர்த்து. விதிப் புத்தகத்தில் இப்படி மனிதர்களின் கைப்பிசகை எண்ணி எழுதிய வரிகள் எனக்குப் பிடிக்கும்.

## மிச்சம் இருக்கும் தொல்லைகள்

காலி எஸ்ஆர்சி செத்துவிட்டது, அதன் உறவுக்காரர்கள் நலமாக இருக்கிறார்கள். முதல் ஆள் சதுரக்குறி. "இப்போதைக்கு ஏதாவது போட்டுவைப்போம்" என்று எஸ்ஆர்சியில் ஒற்றைச் சதுரக்குறியைப் போடுபவர்கள் உண்டு. இணைப்பில் போடும் பழக்கம் இங்கேயும் தொற்றிக்கொண்டது. இது காலி இல்லை. முழுதாக்கினால் இதே பக்கத்தின் முகவரியோடு ஒரு சதுரக்குறி. சதுரக்குறியும் அதற்குப் பின்னால் வருவதும் சர்வருக்கு அனுப்பப்படுவதில்லை, அதனால் போவது அதே பக்கத்துக்கான ரிக்வெஸ்ட். நான்காம் பிரிவின்படி பார்த்தால் இதுவும் தன்னையே சுட்டும் முகவரிதான், போகவே கூடாது. ஆனால் எச்டிஎம்எல் விதி காலியை மட்டும்தான் தனியாகப் பிரித்து வைத்தது. 2010-இல் எங்களைச் சுற்றவிட்ட அதே டோக்கன் கூத்தை இன்றைய பிரவுசரிலும் இந்த ஒற்றை எழுத்தை வைத்து நடத்தலாம்.

அடுத்தது ஜாவாஸ்கிரிப்ட் உபயம். படத்தின் எஸ்ஆர்சிக்கு நல் (null, ஒன்றுமில்லை) என்ற மதிப்பைக் கொடுத்தால் அது "மதிப்பு இல்லை" என்று எடுத்துக்கொள்ளப்படாது. அந்த நான்கு எழுத்துகளே முகவரியாகிவிடும். அன்டிஃபைன்டும் (undefined, மதிப்பே தரப்படாதது) அப்படித்தான். எந்தத் தளத்தின் 404, அதாவது 'கிடைக்கவில்லை', பட்டியலை எடுத்துப் பார்த்தாலும் இந்த இரண்டு பெயர்களில் முடியும் முகவரிகள் எங்காவது உட்கார்ந்திருக்கும். படத்தை எடுத்துவிட வேண்டும் என்றால் எஸ்ஆர்சி என்ற ஆட்ரிபியூட்டையே நீக்க வேண்டும். ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் காலிச் சரத்தைக் கொடுத்தால், பிரவுசர் முழுப் பக்கத்தையும் மறுபடி இறக்கக்கூடும் என்று எச்சரிக்கை காட்டும், நல் கொடுக்கச் சொல்லும். அங்கே நல் என்றால் ஆட்ரிபியூட்டே வராது. ஒரே மதிப்பு, ஓர் இடத்தில் மருந்து, இன்னோர் இடத்தில் நோய்.

ஸ்க்ரோல் செய்யும்போது மட்டும் படங்களை ஏற்றும் லைப்ரரிகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் இன்னொரு இக்கட்டு இருந்தது. உண்மையான முகவரியை வேறு ஆட்ரிபியூட்டில் ஒளித்துவைத்துவிட்டு எஸ்ஆர்சியை என்ன செய்வது? காலியாக விட்டால், விதிப்படி எழுதியிருக்கிறதா என்று பார்க்கும் எச்டிஎம்எல் வேலிடேட்டர் திட்டும். எடுத்தேவிட்டால் அதற்கும் திட்டும், இமேஜ் டேக்கில் எஸ்ஆர்சி கட்டாயம். அதனால்தான் ஒரு பிக்சல் அகலமும் ஒரு பிக்சல் உயரமும் கொண்ட, கண்ணுக்குத் தெரியாத ஜிஃப் படத்தை படத்தையே முகவரிக்குள் அடக்கும் டேட்டா முகவரியாக அங்கேயே எழுதிவைக்கும் பழக்கம் வந்தது. இல்லாத படத்துக்குப் பதில் பார்க்க முடியாத படம். 2019-இல் குரோம் 76 ஸ்க்ரோல் செய்யும்போது ஏற்றும் இந்தச் சோம்பல் ஏற்றத்தைத் தானே செய்ய ஆரம்பித்த பிறகு இந்த வித்தைக்குத் தேவை குறைந்துவிட்டது. பழைய டெம்ப்ளேட்டுகளில் அந்த ஜிஃப் இன்னும் குடியிருக்கிறது.

புது விதியால் புதிதாக வந்த தொல்லையும் ஒன்று உண்டு. காலி எஸ்ஆர்சி இப்போது எரர் நிகழ்வை எழுப்புகிறது இல்லையா? எரர் வந்தால் மாற்றுப் படத்தைப் போடு என்று எல்லோரும் ஒரு வரி எழுதுவோம். அந்த மாற்றுப் படத்தின் முகவரி கான்ஃபிகரேஷனிலிருந்து வருகிறது, அங்கேயும் யாரோ காலியாக விட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். எரர் வரும், எஸ்ஆர்சி காலியாகும், அதனால் மறுபடி எரர், மறுபடி காலி. ஒவ்வொரு முறையும் தனி டாஸ்க்காக வரிசையில் நிற்பதால் பக்கம் உறைந்துபோகாது. லேப்டாப் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். நெட்வொர்க் டேபைத் திறந்தால் ஒரு வரிகூட இருக்காது. முன்பாவது லாகில் இரண்டாவது வரி என்று ஒன்று இருந்தது, ரெஃபரரைப் பார்த்துப் பிடித்தோம். இதற்கு நான் எழுதும் மாற்றுப் பட வரிகளில் முதல் வேலையாக, எரர் வந்தால் ஓடும் எரர் ஹேண்ட்லரையே கழற்றிவிடுகிறேன், அப்புறம்தான் எஸ்ஆர்சியைத் தொடுகிறேன். எங்களோடு வேலை செய்யும் புதியவர்கள் இந்த வரிசை ஏன் இப்படி என்று கேட்பார்கள். வரிசையை மாற்றிப் போட்டு, முகவரியைக் காலியாக்கி, பர்ஃபார்மன்ஸ் டேபை ஓடவிட்டுப் பார்க்கச் சொல்வேன்.